நீல நைலான் கயிறு

மாதா தீயிலிருந்து தப்பி வந்த கதையை அந்த எஸ்டேட்டில் மைக்கல்ராஜைத் தவிர எல்லாரும் சொல்கிறார்கள். சுவா கடைத்தெருவில் காப்பி குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். செனாவாங் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் சொல்கிறார்கள். பாரோயிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வந்து, கரியாகிக் கிடக்கும் வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பலகை வீடு, கட்டில், பீரோ, டிவி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சாம்பல். மாதா சுரூபம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. மைக்கல்ராஜ் உயிரைத் துச்சமாக நினைத்து உள்ளே பாய்ந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டி, சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நல்ல கதைதான். அதில் ஒரே ஒரு குறை, மைக்கல்ராஜ் மாதாவை எடுக்க உள்ளே போகவில்லை.

அந்த வீட்டில் மைக்கல்ராஜும் அவன் மனைவி மரியகொரெட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். போஸ்கோ என்று ஒரு நாயும் இருந்தது. கதை சொல்கிறவர்கள் நாயை விட்டுவிடுகிறார்கள். அற்புதத்துக்கு நடுவில் செத்துப்போன நாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீடு போனபிறகு தோட்டத்து ஆபீசில் பழைய ஆயாக்கொட்டகையைத் திறந்து கொடுத்தார்கள். தாய்மார்கள் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போன ஒரே நீள அறை அது. ஆயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பார்த்துக்கொண்ட கைப்பிள்ளைகளும் வளர்ந்து டவுனுக்குப் போய்விட்டார்கள். உத்தரத்தில் தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் மட்டும் வரிசையாக மிச்சம் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு நடுவே மரியகொரெட்டி துணி காயப்போடக் கயிறு கட்டினாள். யார் யாரோ கொடுத்த பாய், தலையணை, பிளாஸ்டிக் நாற்காலி, மூட்டை மூட்டையாகப் பழைய துணி. குடும்பம் அதில் குடியேறியது.

சின்னவன் நைஜலுக்கு ஐந்து வயது. அவன் காலையில் எழுந்தால் சாயங்காலம் வரைக்கும் தீயணைக்க வரும் போம்பா விளையாட்டுதான். இரண்டு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டால் அது சிவப்பு வண்டி. கையில் அறுந்துபோன ரப்பர் குழாய். வாயாலேயே ஊதிக்கொண்டு வந்து இறங்கித் தண்ணீர் அடிப்பான். பிறகு ஒவ்வொருவராக வெளியே இழுத்துக்கொண்டு வருவான். “அம்மா வெளிய! அக்கா வெளிய! அப்பா வெளிய!” கடைசியில் ஒரு பழைய ஜப்பான் சிலிப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருவான். “போஸ்கோ வெளிய!” கைதட்டுவான். தட்டி முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து தீப்பிடிக்கும்.

முதல் வாரம் மரியகொரெட்டியால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் முதுகில் இரண்டு வைத்தாள். அவன் அழுது ஓய்ந்து, போர்வைக்குள் புகுந்துகொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து அதே விளையாட்டை விளையாடினான். அதற்குப் பிறகு அவள் அடிக்கவில்லை. மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் திரும்பி வந்து, பாயும் தினமும் நனைந்தது. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மூத்தவள் ஜோசலினுக்குப் பத்து வயது. அவளைப் பார்த்து எஸ்டேட்டே மெச்சிக்கொண்டது. தங்கமான புள்ள, அழுகை இல்லை, அடம் இல்லை, அம்மா வேலைக்குப் போனால் தம்பிக்குச் சோறு போடுகிறாள், தட்டு கழுவுகிறாள், இரவல் புத்தகத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எல்லாம் சரி. தீப்பிடித்த நாளிலிருந்து அவள் ‘அப்பா’ என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். ஏதாவது சொல்லவேண்டி வந்தால் தம்பியிடம் சொல்வாள். “சோறு போட்டாச்சுன்னு போய்ச் சொல்லு.” நைஜல் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பனிடம் ஓடி வந்து சொல்வான். மைக்கல்ராஜ் தலையாட்டுவான். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோய்க் கட்டுப் போட்டிருந்ததால் செம்பனைப் பழம் வெட்டப் போக முடியவில்லை. நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவனுக்கு வேலை.

தீப்பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான்.

அக்டோபர் வந்தால் ஜெபமாலை மாதம். நீல மேலாடை போட்ட ஒன்றரை அடி மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மாதா வரும் வீட்டில் சன்னலுக்குப் புதுத் துணி, சுவருக்குப் புதுச் சாயம், வந்தவர்களுக்கு வறுத்த மீஹூன் சேமியாவும் அவித்த கடலையும். கிறிஸ்தவ வீடுகள் என்னவோ பதினொன்றுதான். ஆனாலும் எஸ்டேட்டே வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக் குமுதவல்லி அக்கா நெற்றியில் விபூதியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களைவிடச் சத்தமாகவே ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வார்.

போன வருடம் மாதா அவர்கள் வீட்டுக்கு வந்தபோது பெரிய கூத்தாகிவிட்டது. பின்கட்டில் கட்டிப்போட்ட போஸ்கோ கயிற்றை உருவிக்கொண்டு வந்து, ஜெபமாலையின் மூன்றாம் தேவ ரகசியம் போய்க்கொண்டிருக்கும்போது, கடலைச் சட்டிக்குள் தலையை விட்டுவிட்டது. ஜெபக்குழுத் தலைவர் நெல்சன் விரட்டப் போய் நாற்காலியோடு சாய்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். புனிதர் பெயரை நாய்க்கு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று நெல்சன் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் இந்த வருடம் மைக்கல்ராஜ் மகளைக் கூப்பிட்டுச் சொன்னான். “யம்மா, ஓன் கூட்டாளிய நல்லாக் கட்டிப் போடு. போன வருஷம் மாதிரி அவுத்துக்கிட்டு வந்தான், அப்புறம் ஒன்னத்தான் கேப்பேன். அவுறவே கூடாது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஜோசலின் நீல நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, சமையலறைக் குழாயோடு போஸ்கோவைக் கட்டினாள். அவன் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. “இதுதான்லா கட்டு!” என்று அவள் தலையில் தட்டிக்கொடுத்தான். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நாலு மணிக்கு ஜெபமாலை தொடங்கி ஐந்துக்கு முடிந்தது. எல்லாரும் வாசலில் போட்டிருந்த கொட்டகைக்கு வந்து தட்டைக் கையில் எடுத்தார்கள். அப்போதுதான் சமையலறைக் கூரையிலிருந்து புகை வந்தது. மேலே பழைய ஒயர் உருகியிருக்கிறது என்று போம்பா ஆட்கள் பிறகு சொன்னார்கள். அறுபது வருடம் காய்ந்த பலகைக்கு அது போதுமானதாக இருந்தது.

மைக்கல்ராஜ் தலையை எண்ணினான். மனைவி, மகன், மகள், மூன்று பேரும் வெளியே. உள்ளே போஸ்கோ குரைத்தது. ஜோசலின் ஓடினாள். குமுதவல்லி அக்கா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவன் உள்ளே போயிருந்தான்.

பின்கதவுப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. முன்னறை வழியாகக் குனிந்து போய் நாயை எட்டிவிட்டான். அதை அவனே நம்பவில்லை, எட்டிவிட்டான். மண்டிபோட்டு முடிச்சில் கைவைத்தான். முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது நகம் பிய்ந்து அவிழ்ந்தது. மூன்றாவது அவிழவில்லை. போஸ்கோ இழுத்த இழுப்பில் இறுகி, சூட்டில் நைலான் இளகி, விரலில் ஒட்டியது. கத்தி வேண்டும். மீஹூனைக் குமுதவல்லி அக்கா வீட்டில் வறுத்ததால் வீட்டில் இருந்த கத்தி, அரிவாள்மனை எல்லாம் அங்கே போயிருந்தன. நாள் முழுக்க அரிவாள் பிடிக்கிற மனிதனின் கையில் அன்றைக்கு ஒரு பிளேடுகூட இல்லை. போஸ்கோ குரைப்பதை நிறுத்திவிட்டு அவன் கையை நக்கியது. அப்பன் வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்று நினைத்திருக்கும். அப்போது மேலிருந்து பலகை விழுந்தது.

எப்படித் திரும்பினான் என்று அவனுக்குத் தெரியாது. விட்டுவிட்டு வந்தான், அது மட்டும் தெரியும். முன்னறையில் கண் தெரியவில்லை. எதிலோ மோதி விழுந்தான். எழுந்தபோது கையில் ஏதோ இருந்தது, அதையும் கட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து ஓடினான். வாசலுக்கு வந்து விழுந்தபோது நூறு குரல் “மாதாவே!” என்று அலறியது. அப்போதுதான் அவன் குனிந்து பார்த்தான்.

மகளையும் பார்த்தான். அவள் மாதாவைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

இதை அவன் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னான். இரண்டு வாரம் கழித்து, மரியகொரெட்டிக்கு வேலை இல்லாத ஒரு நாள் மத்தியானம், அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான். அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இத ஏங்க அவகிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க? நாய விட்டுட்டு செலையத் தூக்கிட்டு வந்த அப்பன்னுதான அந்தப் புள்ள நெனச்சிக்கிட்டு இருக்கு?”

“நெனச்சிக்கிட்டுப் போகட்டும்.”

“என்னா பேச்சு இது? பெத்த புள்ள மூஞ்சியப் பாக்கமாட்டேங்குது.”

“சொல்லலாம் கொரெட்டி. போனேன், எட்டிட்டேன், அவுறலன்னு சொல்லணும். எது அவுறலன்னு அவ கேப்பாள்ல? யாரு போட்ட முடிச்சு அது?”

மரியகொரெட்டி வாளி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாய விட்டுட்டு வந்தவன்னு என்னைய வெறுத்தா எனக்கு ஒன்னும் ஆவாது. நான் பெரியவன். அவ தன்னையே வெறுத்துட்டா என்னா செய்யிறது?” என்றான். ஒன்றும் ஆகாது என்று சொன்ன மனிதன் கொடிக்குப் பின்னால் போய் நின்று அழுதான். மகள் கூப்பிடாத ஒரு சொல்லுக்காக ஒரு ஆள் இவ்வளவு ஏங்குவானா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கொடி வேறு அவனைப் படுத்தியது. காலையில் மரியகொரெட்டி இறுக்கிக் கட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் அவன் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் ஒரு முனை அவிழ்ந்து, துணி எல்லாம் தரையில் கிடக்கும். ஒரு நாள் இல்லை, நாலு நாள். மைக்கல்ராஜ் நைஜலைப் பிடித்தான்.

“போம்பா வெளையாட்டுக்குக் கயித்த அவுக்கிறியாடா?”

“நான் இல்லப்பா.”

“நீ இல்லாம வேற யாரு, பேயா?”

“நான் இல்லப்பா! எனக்கு எட்டாதுப்பா!”

அது உண்மைதான். ஆனாலும் அவன் நைஜலைத்தான் திட்டினான். ஜோசலின் மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மூன்றாம் வாரம் பள்ளியிலிருந்து டீச்சர் திலகா வந்தார். பிள்ளைகளோடு பேசிப் பார்க்கிற ஆலோசனைப் பொறுப்பு அவருக்கு. நைஜலின் போம்பா வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வெளையாடட்டுங்க, தடுக்காதீங்க. உள்ள இருக்கிறத அவன் அப்படித்தான் வெளிய கொண்டு வர்றான். பாய நனைக்கிறதும் சரியாப் போயிடும்” என்றார். “எனக்குப் பயம் பெரியவள நெனச்சுத்தான்.”

“அவ ஒரு தொந்தரவும் குடுக்கறதில்லீங்க டீச்சர்.”

“அதான் பயம். கிளாஸ்ல ஒரு விசயம் பாத்தேன். அவளுக்குக் குடுத்த புது ஷூவுக்கு லேஸ் கட்டவே மாட்டேங்குறா. தொறந்துபோட்டுத்தான் நடக்குறா. தடுக்கி விழுந்துருவான்னு நானே குனிஞ்சு கட்டிவிட்டேன். பாத்ரூம் போயி அவுத்துட்டு வந்துட்டா. தலைக்கும் ரிப்பன் கட்டறதில்ல. கேட்டா பதில் இல்ல. வீட்டுல ஏதாச்சும் சொன்னாளா?”

“வீட்டுல எங்கிட்ட எதுவும் சொல்றதில்ல டீச்சர்” என்றான் மைக்கல்ராஜ். அப்பன்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை செருப்பில் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டான். ஆண்பிள்ளை மூளை அவ்வளவு தூரம்தான் போயிற்று.

அன்று சாயங்காலமே நெல்சன் மோட்டாரில் வந்து இறங்கினார். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை மாத நிறைவு. சிறம்பானிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். மைக்கல்ராஜ் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும்.

“வேணாண்ணே. எனக்குப் பேச வராது.”

“என்னா மைக்கல் இது? மாதா ஒன்ன நம்பிக் கையில வந்து ஏறியிருக்காங்க. நாலு வார்த்த சொல்லமாட்டியா? நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன், பாத்துக்க.”

சொல்லியும் விடுவார். அதைவிடத் தானே எழுந்து இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்துவிடலாம் என்று மைக்கல்ராஜ் ஒத்துக்கொண்டான். ஜோசலின் தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்று, பிறகு மறுபடியும் பிசையத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே சின்னக் கோயிலில் கூட்டம் நெருக்கியடித்தது. உள்ளே இடமில்லாமல் செம்பனை மர நிழல்வரை ஆள் நின்றது. கோயில் வாசலில் ஒரு நீள மேசை போட்டு, குமுதவல்லி அக்கா சிராப் தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இருநூறு பாக்கெட் அடுக்கி வைத்திருந்தார். சிவப்புச் சிவப்பாகப் பார்க்கவே நன்றாக இருந்தது. மரியகொரெட்டி மகளுக்கு யாரோ கொடுத்த வெள்ளைக் கவுன் போட்டுவிட்டாள். ரிப்பனை எடுத்ததும் ஜோசலின் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஷூ லேஸ் இரண்டும் மண்ணில் இழுபட அவள் கோயிலுக்கு நடந்தாள்.

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. மைக்கல்ராஜ் வாசல் ஓரமாக நின்று, என்ன பேசுவது என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான். கட்டுப் பிரித்த உள்ளங்கையில் புதுத் தோல் இழுத்துப் பிடித்தது. வெளியே “அய்யய்யோ, என்னா புள்ள செய்யிற!” என்று குமுதவல்லி அக்கா அலறும் சத்தம் கேட்டது.

ஜோசலின் அந்த மேசை முன்னால் நின்று சிராப் பாக்கெட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குடிப்பதற்கில்லை. ஒன்றை எடுப்பாள், முடிச்சை அவிழ்ப்பாள், போடுவாள், அடுத்ததை எடுப்பாள். பத்துப் பதினைந்து ஆகிவிட்டது. சிவப்புத் தண்ணீர் மேசையெல்லாம் ஓடி அவள் வெள்ளைக் கவுனில் வழிந்தது. “குடுத்துரு கண்ணு, குடுத்துரு” என்று குமுதவல்லி அக்கா கையைப் பிடிக்கப் போனார். அவள் பிடுங்கிக்கொண்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தாள். விளையாட்டுப் பிள்ளை செய்வதுபோல இல்லை. குனிந்து, பல்லைக் கடித்து, நகத்தை முடிச்சுக்குள் குத்தி, நேரமில்லை நேரமில்லை என்று துடிக்கிற விரல்.

மைக்கல்ராஜுக்கு அந்த விரலைத் தெரியும். அது அவன் விரல். அன்றைக்குச் சமையலறையில் மண்டிபோட்டு அவன் செய்தது அதுதான்.

துணிக்கொடி, லேஸ், ரிப்பன் எல்லாம் ஒரே நேரத்தில் அவனுக்கு விளங்கியது. அன்றைக்கு அவன் விரலில் ஒட்டியிருந்த நீல நைலானைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவன் எதை அவளிடமிருந்து மறைப்பதாக நினைத்து மூன்று வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தானோ, அதை அவள் மூன்று வாரமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் வெறுத்தது அவனை இல்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை.

“இப்போது நமது சகோதரர் மைக்கல்ராஜ்!” என்று உள்ளே ஒலிபெருக்கியில் நெல்சன் கூப்பிட்டார்.

அவன் உள்ளே போனான். சன்னலுக்கு வெளியே மேசை தெரிந்தது. ஜோசலின் தெரிந்தாள். பெயரைக் கேட்டு அவள் கை நின்றிருந்தது. மாதா பூ அலங்காரத்தில் ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். மைக்கல்ராஜ் மைக்கை வாங்கினான்.

“நான் மாதாவ எடுக்க உள்ள போவல” என்றான்.

முதல் வரிசையில் யாரோ இருமினார்கள்.

“எங்க நாய எடுக்கப் போனேன். அது பேரு போஸ்கோ. அதுகிட்ட போயிட்டேன். கயிறு அவுறல. ஏன் அவுறலன்னா, அவுறவே கூடாதுன்னு எம்புள்ளைக்குச் சொன்னது நான். நான் சொன்ன மாதிரி அவ கட்டுனா. இழுத்துப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னதும் நான்தான். வீட்டுல கத்தி இல்ல. விட்டுட்டு வந்துட்டேன். வர்ற வழியில விழுந்தேன், கையில ஏதோ மாட்டுச்சு. அது மாதா. அவ்வளவுதாங்க நடந்துச்சு.”

மைக்கைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தான். நெல்சன் விடுவாரா? விழுந்தவன் கையில் மாதா வந்தது எப்படி, அதுவும் ஒரு அற்புதம்தானே என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் கூட்டம் முன்போல உச்சுக்கொட்டவில்லை.

ஜோசலின் மேசையருகில் இல்லை. கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். சிவப்பு போயும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். அவளே கேட்டாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

“எத்தன முடிச்சுப்பா அவுத்தீங்க?”

மூன்று வாரம் காத்திருந்த ‘அப்பா’ அந்தக் கேள்வியின் நடுவில் இருந்தது. அதற்குச் சந்தோஷப்பட அவனால் முடியவில்லை. கயிறு தீயில் தானாகவே அறுந்துபோயிருந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கில் வந்தது. இவளிடம் இனி எதையும் மறைத்துப் பயனில்லை.

“ரெண்டு, யம்மா. மூணாவது வரல.”

“நான் அஞ்சு போட்டேன்.”

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். “நாலு போட்டேன். போதும்னு நெனச்சேன். அப்புறம் நீங்க திட்டுவீங்கன்னு இன்னொன்னு போட்டேன்ப்பா.” வீடு எரிந்தபோது அழாத பிள்ளை, மூன்று வாரம் தங்கமான பிள்ளையாக இருந்த பிள்ளை, குழாயடி ஈரத்தில் உட்கார்ந்து, மூச்சு முட்ட, வாயைத் திறந்துகொண்டு கத்தி அழுதது. மைக்கல்ராஜும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டான். பத்து வயதுப் பெண்ணுக்கு அப்பன் மடி கொள்ளவில்லை. காலை மடக்கி எப்படியோ ஒடுங்கிக்கொண்டாள்.

“நான் சொன்னதத்தாம்மா நீ செஞ்ச” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அது அவளுக்குப் போதவில்லை. எந்தச் சொல்லும் போதாது என்று அவனுக்கும் தெரிந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

உள்ளே பாட்டு முடிந்து, ஆட்கள் வெளியே வந்து, மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு கலையத் தொடங்கினார்கள். யாரும் பின்பக்கம் வரவில்லை. குமுதவல்லி அக்கா வழியில் நின்று எல்லாரையும் வேறு பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

“போஸ்கோ எங்க இருக்கு?” என்று ஜோசலின் கேட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“குமுதவல்லி அக்கா வீட்டுக்காரரு பொதச்சாரு. நம்ம வீட்டுக்குப் பின்னாடி, மூணாவது செம்பனைக்குக் கீழ.”

“போவமா?”

“போவம். அங்க சேறா இருக்கும். ஷூ கழண்டு போயிரும்.” அவன் குனிந்தான். “கட்டிவிடட்டா?”

அவள் மண்ணில் கிடந்த லேஸைப் பார்த்தாள். பிறகு வலது காலை நீட்டினாள்.

புதுத் தோல் மடங்கவில்லை. லேஸ் இரண்டு தடவை விரலிலிருந்து வழுக்கியது. மூன்றாவது தடவை ஒரு முடிச்சு விழுந்தது. வழக்கம்போல அதன்மேல் இன்னொன்று போடப் போனான். சின்னக் கை வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

“ஒன்னு போதும்ப்பா. இழுத்தா அவுந்துடணும்.”

அவன் ஒன்றோடு விட்டான். அடுத்த காலுக்கும் ஒன்று. இருவரும் எழுந்து, எரிந்துபோன வீட்டின் பக்கம் நடந்தார்கள். மரத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள் லேஸ் மூன்று தடவை அவிழ்ந்தது. மூன்று தடவையும் ஜோசலின் நின்றாள், அவன் மண்டிபோட்டுக் கட்டினான்.